சாராள் வரைந்த ஏரி

அந்த நோட்டீஸைப் பார்த்ததும் சாராளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை நினைத்து நினைத்துத்தான் பிற்பாடு அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

தொண்ணூற்றெட்டாம் வருஷம், ஜூன் மாதம், ஞாயிற்றுக்கிழமை. கோவில் ஆராதனை முடிந்து வந்த அக்கா சரோஜினி, கேட்டருகில் யாரோ கொடுத்ததென்று ஒரு பளபளப்பான காகிதத்தைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்தாள். மேலே ‘மலர்ச்சோலை நகர், மாடம்பாக்கம் அருகில்’ என்று சிவப்பெழுத்து. கீழே ஒரு படம். தாழ்ந்த நீலக் குன்றுகள், அவற்றின் மடியில் ஓர் ஏரி, ஏரி ஓரம் கோரைப்புல், அதற்கு இந்தப் பக்கம் வெள்ளை அல்லி. அந்த அல்லி ஒவ்வொன்றையும் சாராளுக்குத் தெரியும். அவள் வைத்தவை.

“அக்கா, இது நான் வரைஞ்சதுக்கா.”

சரோஜினி கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துவிட்டாள். அவள் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். அம்மாவும் அப்பாவும் போன பிறகு தங்கையை வளர்த்து, கம்ப்யூட்டர் டிப்ளமோ வரைக்கும் படிக்கவைத்தவள். பன்னிரண்டு வருஷத்தில் இரண்டு பேரும் ஆறு வீடு மாறியிருந்தார்கள். இரும்புலியூரில் இப்போது இருக்கிற மாடிப் போர்ஷனில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, ஏழு மணிக்கு மேல் மோட்டார் போடக் கூடாது, விருந்தாளி வந்தால் கீழே சொல்லிவிட்டு வரவேண்டும். சொந்தமாக ஒரு சுவர், அதில் என் இஷ்டத்துக்கு ஓர் ஆணி, அது போதும் எனக்கு என்பாள் சரோஜினி. வேறு ஆசை அவள் வாயிலிருந்து வந்து சாராள் கேட்டதில்லை.

“அடிப்பாவி, இந்த நகருக்கே நீதான் டிசைனா? வீட்லயே வச்சுக்கிட்டு நான் ஊரெல்லாம் மனை தேடறேன்.”

சாராள் இது விளையாட்டுக்காக வரைந்தது, நிஜ இடம் இல்லை என்று சொல்லிப் பார்த்தாள். அக்கா காதில் அது ஏறவில்லை. இப்பல்லாம் எதையும் முதலில் கம்ப்யூட்டரில்தானே போடுகிறார்கள், பிறகுதானே கட்டுகிறார்கள் என்றுவிட்டாள். என் தங்கை போட்டால் அது சரியாகத்தான் இருக்கும் என்றும் சொன்னாள். ஒருவேளை அங்கே நிஜமாகவே ஓர் ஏரி இருக்கலாம் என்று அவளும் மனசைச் சமாதானம் செய்துகொண்டாள்.

அவள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன், கேளுங்கள். குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டின்மேல் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் அவள் வேலை பார்த்த கம்பெனி இருந்தது. மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஏ.சி., செருப்பை வெளியே விட்டுவிட்டு வரவேண்டும். வெளிநாட்டில் யாரோ ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரித்துக்கொண்டிருந்தார்கள். வாளும் மந்திரமும் நிறைந்த மாய உலகம். ஆடுகிறவன் இந்த வழியாகத்தான் போகவேண்டும் என்று கட்டாயம் இல்லை, எந்தத் திக்கிலும் நடந்துகொண்டே போகலாம். நடக்க நிலம் வேண்டுமே, அந்த நிலத்தைச் செய்கிற வேலைதான் சாராளிடம் வந்து சேர்ந்தது.

திரையில் ஒரு சதுரம் இருக்கும். அதில் வெள்ளை பூசினால் மேடு, கறுப்பு பூசினால் பள்ளம், நடுவில் வருகிற சாம்பல் எல்லாம் சரிவு. பூசி முடித்துப் பொத்தானைத் தட்டினால் மலையும் பள்ளத்தாக்குமாக எழுந்து நிற்கும். பிறகு அதன்மேல் மண் போட்டு, மரம் நட்டு, தண்ணீர் விடவேண்டும்.

முதலாளி ஜெயவேலு, பச்சையைக் கொட்டு, சி.டி.யில் இருக்கிற மரத்தை ஒட்டு, அனுப்பு என்பான். சாராளுக்கு அது ஆகாது. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முதலில் முடிவு செய்வாள். கடல் கிழக்கே இருந்தால் மலையின் கிழக்குச் சரிவு நனையும், அங்கே அடர்ந்த காடு. மேற்குச் சரிவில் கள்ளியும் முள்ளும். பனிமலைக்குக் காலண்டர் படங்களைப் பார்த்தாள். மற்றதற்கெல்லாம் விடுமுறை நாளில் பஸ் ஏறினாள். வண்டலூர் மலைமேல் போய் நின்றாள். பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு, எங்கே கோரை முடிந்து அறுகம்புல் தொடங்குகிறது என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டாள். எட்டு மாதத்தில் ஏழு நிலங்கள். ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. கண்ணை மூடிக்கொண்டு போய் இறங்கித் திறந்தாலும் காலடி மண்ணைப் பார்த்து எந்த நிலம் என்று சொல்லிவிடலாம். அதில் ஆறாவது நிலம்தான் இந்த ஏரி நாடு.

மறுநாள் திங்கட்கிழமை அவள் நோட்டீஸை ஜெயவேலுவின் மேஜைமேல் வைத்தாள்.

அவன் குற்றம் செய்தவன் போல முழிக்கவில்லை. மனை வியாபாரம்தான் தன் பழைய தொழில், கம்ப்யூட்டர் நேற்று வந்தது என்று அவனே சொன்னான்.

“சூப்பரா வந்துகீது இல்ல? பிரஸ்காரனே கேட்டான், இது எந்த ஊர் சார், ஊட்டியான்னு.”

“என்னைக் கேக்கலியே சார்.”

“எதுக்குக் கேக்கணும்? மெஷின் என்னுது, கரண்ட் என்னுது. கீழ சின்னதா போட்டுகீது பாரு, படம் கற்பனையேன்னு.”

சாராள் காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள். போட்டுத்தான் இருந்தது, எறும்பு ஊர்ந்த மாதிரி.

“அங்க ஏரி இருக்கா சார்?”

“ஏரி இல்லாமலா? வந்து பாரேன், வேன் ஃப்ரீ, பிரியாணி ஃப்ரீ. உன் நெலத்துல வெள்ளக்காரன் சும்மா நடந்துட்டுப் போவான். இதுல நம்ம ஜனங்க குடித்தனம் பண்ணப் போவுது. சந்தோஷப்படுவியா, மூஞ்ச தூக்கிகினு நிக்கறியே.”

அத்தோடு நிறுத்தவில்லை அவன். இன்னும் இரண்டு வாரத்தில் ஏழு நிலமும் வெளிநாட்டுக்குப் போகிறது, விளையாட்டின் கடைசியில் உன் பெயர் ஓடும், அதைக் கெடுத்துக்கொள்ளாதே என்று தன்மையாகச் சொல்லி அனுப்பினான். சாராள் தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். நெஞ்சு கொதித்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ஒரு வாரம் திறக்கவில்லை. பனிமலைக்கு நிழல் போட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு தாம்பரத்திலிருந்து வேன் கிளம்பியது. பதினோரு பேர். சரோஜினி ஆராதனைக்குக் கட்டிய வெள்ளைப் புடவையோடு, பூர்த்தி செய்த விண்ணப்பமும் அட்வான்ஸுமாகக் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேன் சேலையூர் தாண்டுவதற்குள் அவள் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள், என் தங்கைதான் இந்த நகரை டிசைன் செய்தவள் என்று.

அவ்வளவுதான். வேனில் இருந்தவர்கள் முகமெல்லாம் சாராள் பக்கம் திரும்பியது. இடுப்பில் குழந்தையோடு வந்த ஒரு பெண், பார்க்கை எந்தத் தெருவில் வைத்திருக்கிறீர்கள் மேடம் என்று கேட்டாள். ரயில்வே ஷெட்டில் வேலை செய்து ஓய்வு பெற்ற அப்பாதுரை முன்சீட்டிலிருந்து முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார்.

“நான் யோசிச்சிகினே இருந்தேம்மா, இன்னாடா இது, படத்த நம்பி பூடலாமான்னு. வரஞ்ச பொண்ணே கூட வருது, அப்பறம் இன்னா? நாப்பத்திரண்டாம் நம்பர் மனைலேந்து ஏரி தெரியுமா?”

“போய்ப் பாத்துடலாங்க” என்றாள் சாராள். அது அவளுக்கே கேவலமாக இருந்தது. அக்காவின் தொடையைக் கிள்ளினாள். அக்கா அதைக் கூச்சம் என்று நினைத்துச் சிரித்தாள்.

இடம் வந்தது. கொடிகள், ஷாமியானா, வெள்ளையடித்த எல்லைக் கற்கள். செம்மண்ணை லாரி லாரியாகக் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். கண்ணுக்கு எட்டிய வரை ஒரே சிவப்பு, ஒரே மட்டம். ஒரு மரம் கிடையாது. வந்தவர்கள் வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு ஏரியைத் தேடினார்கள். நோட்டீஸைப் பிடித்துப் பிடித்து, குன்று அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று திருப்பிப் பார்த்தார்கள். ஏரி அந்த மேட்டுக்கு அப்பால் இருக்கிறது, வெயில் தாழ்ந்ததும் போய்ப் பார்க்கலாம், முதலில் புக்கிங்கை முடியுங்கள் என்றான் ஜெயவேலு.

சாராள் நடந்தாள். எட்டு மாதம் நிலம் செய்த கண் சும்மா இருக்குமா? கொட்டிய செம்மண் முடிகிற ஓரத்தில் கோரை காய்ந்து நின்றது. கோரை தண்ணீர் நிற்கிற இடத்தில்தான் முளைக்கும். குதிகாலால் செம்மண்ணைக் கிளறினாள். ஒரு சாண்கூட இல்லை, கீழே கறுப்புக் களிமண், பாளம் பாளமாக வெடித்து. வெடிப்பில் நத்தை ஓடுகள். பிறகு தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஜெயவேலு காட்டிய மேடு மூன்று பக்கமும் பிறை மாதிரி வளைந்து போனது. அது மேடு இல்லை, கரை. கரையின் நடுவில் கல் மதகு ஒன்று பாதி புதைந்து கிடந்தது. ஏரித் தண்ணீர் நுழைகிற மதகின் வாய் இவர்களைப் பார்த்து இருந்தது.

அவள் ஷாமியானாவுக்குத் திரும்பி வந்தபோது சரோஜினி வரிசையில் மூன்றாவதாக நின்றாள். கைப்பை திறந்திருந்தது.

“அக்கா, பையை மூடு.”

அந்தக் குரலைச் சரோஜினி இதுவரை கேட்டதில்லை. மூடிவிட்டாள். சாராள் அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியின்மேல் ஏறினாள். அவள் கத்தவில்லை. ஒவ்வொரு சொல்லையும் கல் வைக்கிற மாதிரி வைத்துப் பேசினாள்.

“இந்தப் படம் நான் வரைஞ்சது. பசங்க ஆடற கம்ப்யூட்டர் விளையாட்டுக்காக வரைஞ்சது. இந்த இடத்தை நான் இன்னிக்குத்தான் முதல்தடவையா பாக்கறேன். ஏரி எங்கன்னு கேட்டீங்க இல்ல? ஏரி இங்கதான் இருக்கு. நாம எல்லாரும் அதுக்குள்ளதான் நிக்கறோம்.”

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவள் அப்பாதுரையை மட்டும் பார்த்து, மதகின் வாய் எந்தப் பக்கம் இருக்கிறதென்று போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள். அவர் போனார். வெயிலில் கரைவரை நடந்து, குனிந்து பார்த்து, கரைமேல் ஏறி அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு மெதுவாக வந்தார்.

“கரைக்கு உள்ள கீறோம்” என்றார். “அந்தாண்ட வாய்க்கா போவுது. இது தாங்கல், மழைத்தண்ணி தேங்கற ஏரி. எங்க மாமியார் ஊர்ல இப்டித்தான் கீது. மழை வந்தா நாப்பத்திரண்டாம் நம்பர் மீனுக்குத்தான்.”

குழந்தைக்காரப் பெண் நோட்டீஸைச் சுருட்டிக் கீழே எறிந்தாள். சாராளை ஒரு பார்வை பார்த்தாள். ஜெயவேலுவைப் பார்க்காமல் தன்னைப் பார்த்த அந்தப் பார்வையை வாங்கிக்கொள்வதைத் தவிர சாராளுக்கு வேறு வழி இல்லை. நான்கு பேர் வேனில் போய் ஏறிக்கொண்டார்கள். இரண்டு பேர், எல்லா ஊரும் ஒரு காலத்தில் ஏரிதானே என்று சொல்லிவிட்டு வரிசையிலேயே நின்றார்கள். அப்பாதுரை மட்டும் ஜெயவேலுவின் எதிரே போய் நின்று, வயசானவனை ஏமாற்ற உனக்கு எப்படி மனசு வந்தது என்று ஆரம்பித்து, எழுத முடியாத நாலு வார்த்தையும் கேட்டார்.

ஜெயவேலு அவரைச் சமாளித்துவிட்டுச் சாராளிடம் வந்தான். முகம் சிரித்தது, பல் கடிபட்டது.

“நாளைக்கு வராத. உன் மலை, காடு எல்லாம் என் மெஷின்லதான் கீது. பேரு வேற எவனுதாவது போட்டுக்கறேன்.”

“போட்டுக்குங்க” என்றாள் சாராள். “அந்தப் பேரை இந்த நோட்டீஸ்லயும் போடுங்க சார். ரெண்டும் ஒரே கை வரைஞ்சதுதானே.”

வேனில் ஏற அவளுக்கு மனசில்லை. அக்காவும் தங்கையும் பஸ் நிறுத்தத்துக்கு வெயிலில் நடந்தார்கள். திங்கட்கிழமை ஜெயவேலு சொன்னதையெல்லாம் சாராள் சொன்னாள். சரோஜினி பிடித்துக்கொண்டாள். திங்கட்கிழமையே உனக்குத் தெரியும், ஒரு வாரம் என்னைக் கனவு காண விட்டாயே, வேனில் எல்லோரிடமும் வாயைக் கொடுத்தேனே, உன்னைச் சொல்லித்தானே அந்த ஜனங்கள் நம்பியது என்று கேட்டுக்கொண்டே நடந்தாள். ஒவ்வொன்றும் நியாயம். என் பேர் அதில் வரும் என்று இருந்துவிட்டேன் அக்கா என்று சாராள் உள்ளதைச் சொன்னாள்.

நிறுத்தத்தில் சின்ன நிழல் இருந்தது. சரோஜினி நோட்டீஸை இன்னும் எறியவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இவ்வளவு வரைஞ்சியே, ஏழு ஊரும் மலையும் காடும். இதுல ஒரு வீடு எங்கடி?”

“வீடு என் வேலை இல்லக்கா. நான் நிலம் மட்டும்தான். அதுல வர்றவன் தங்க மாட்டான், நடந்துக்கிட்டே இருப்பான்.”

“நடந்துக்கிட்டே இருக்கறவனுக்கு எல்லா இடமும் அழகாத்தான் இருக்கும்” என்றாள் சரோஜினி. கசப்பாகத்தான் சொன்னாள். பிறகு கைப்பையைத் திறந்து, குழந்தைகள் நோட்டுத் திருத்துகிற சிவப்புப் பேனாவை எடுத்துக் கொடுத்தாள். நோட்டீஸைக் கவிழ்த்துப் பின்பக்கத்தை மேலே வைத்தாள். வெறும் வெள்ளை.

“அடுத்த வாரமும் கோவில் வாசல்ல இதைக் குடுப்பானுங்க. நாமளும் பக்கத்துல நின்னு நம்ம படத்தைக் குடுக்கலாம். அங்க என்ன இருந்துதோ அதை வரை.”

சாராள் முழங்காலில் காகிதத்தை வைத்துக் கரையைப் பிறையாக இழுத்தாள். மதகை வைத்தாள். கோரை, வெடிப்பு, கொட்டிய மண். கரையின் உயரத்தைப் பார்த்து, ஐப்பசியில் தண்ணீர் எதுவரை வரும் என்று நேராக ஒரு கோடு போட்டாள். கோபத்தில் பேனா காகிதத்தைக் கிழித்தது.

“வீட்டைப் போடு” என்றாள் அக்கா.

சாராள் ஒரு வீடு போட்டாள். தன் வாழ்நாளில் அவள் வரைந்த முதல் வீடு. கதவு, இரண்டு ஜன்னல், இன்னும் ஆணி அடிக்காத ஒரு சுவர். தண்ணீர்க் கோடு ஜன்னலின் பாதியில் குறுக்கே போயிற்று.

சரோஜினி அதை வாங்கிப் பார்த்தாள். நம்பர் எழுது, நாற்பத்திரண்டு என்று எழுது, அப்போதுதான் புரியும் என்றாள். பக்கத்தில் இன்னும் பத்து வீடு போடச் சொன்னாள். பஸ் வந்தபோது ஆறாவது வீட்டுக்குக் கதவு வைத்துக்கொண்டிருந்தாள் சாராள். அடுத்த பஸ்ஸில் போகலாம், நீ முடி என்று அக்கா கையைக் காட்டிப் பஸ்ஸைப் போகச் சொல்லிவிட்டாள்.