வாங்காத தண்ணீர்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம் மொட்டைமாடி. நான் பாட்டுக்குத் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கீழே, எதிர்வீட்டுக் கொல்லையில், அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒட்டுக்கேட்டேன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர்களுக்கு வாய் இருந்தது, எனக்குக் காது இருந்தது, நடுவில் காற்று இருந்தது. ஏற்கெனவே காய்ந்துவிட்ட துண்டை எடுத்து மறுபடி உதறினேன் என்பது மட்டும் உண்மை.

அப்போது அக்காவின் குரல் மேலே வந்தது:

"தண்ணி வாங்கலைன்னு பரிசு வாங்கப் போற. நல்லா இருக்குடி."

கதை எழுதுகிற ஆளுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? அன்றைக்கே உட்கார்ந்துவிட்டேன். இன்னும் எழுந்தபாடில்லை.

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரிய கல்லூரி. தங்கை அங்கே சுற்றுச்சூழல் பாடம் நடத்தும் பேராசிரியை. வளாகப் பசுமைக் குழுவுக்கும் அவள்தான் பொறுப்பு என்பதால் தெருவில் அவளுக்குப் பெயர் பசுமை. நேரில் டீச்சர் என்போம். அக்கா, வீட்டின் கீழ்த்தளத்தில் சலவைக்கடை வைத்திருக்கிறாள். அவளைவிட மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பசுமை மாடியில். இருவரும் தனித்தனி வீட்டில் இருந்ததே இல்லை. தங்கைக்குக் கல்யாணம் ஆனபோது மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தார். (அவர் இந்தக் கதையில் வரமாட்டார். வீட்டுப் பேச்சிலேயே அவ்வளவாக வருவதில்லை.)

இப்போது அக்கா கடையை மூடிவிட்டு, வெளியூரில் மகன் வீட்டுக்குப் போகப்போகிறாள். காரணம் தங்கை. கதை அவ்வளவுதான். சஸ்பென்ஸ் வைத்து இழுக்க எனக்குத் தெம்பு இல்லை.

2

தொடக்கங்கள்:

"கல்லூரியின் வாசலில், 'பசுமை வளாகம்' என்ற பலகையின் கீழே, ஒரு காலை நேரத்தில் —"

[வாசல், பலகை, காலை. அடுத்து ஒரு குருவி வரும். நிறுத்து.]

"நீர் என்பது உயிரினங்கள் அனைத்துக்கும் —"

[பரீட்சைக் கட்டுரை. வேண்டாம்.]

"பசுமைக்கு ஒரு கேள்வி வந்தது."

[இது நிற்கிறது.]

பசுமைக்கு ஒரு கேள்வி வந்தது. வளாகங்களுக்குப் பசுமைத் தரம் போடுகிற அமைப்பு ஒன்று இருக்கிறது. வருஷாவருஷம் கல்லூரிகளிடம் கேள்வி கேட்கும். குப்பையை என்ன செய்கிறீர்கள், மின்சாரம் எங்கிருந்து வருகிறது, அப்படி. அதில் ஒன்று: "வளாகத்துக்கு வெளியிலிருந்து தண்ணீர் வாங்குகிறீர்களா?"

வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். லாரி லாரியாக. அந்தக் கேள்வியில் மட்டும் கல்லூரி ஒவ்வொரு வருஷமும் வழுக்கி விழுந்தது. பசுமைக்கு அது மானப் பிரச்சினை. ராத்தூக்கம் கெட்டு யோசித்தாள். (மாடி விளக்கு எரிந்ததை நானே பார்த்தேன். சும்மா தண்ணீர் குடிக்க எழுந்தபோது.)

அவளுக்கு இரண்டு யோசனைகள் வந்தன. முதலாவது, விடுதிச் சலவைக்கூடத்தை மூடுவது. வளாகத்தில் அதிகம் தண்ணீர் குடிப்பது அதுதான். படுக்கை விரிப்பு, திரைச்சீலை, பட்டமளிப்பு அங்கி எல்லாவற்றையும் வெளியே வெளுக்கக் கொடுத்துவிடலாம். யாரிடம் கொடுப்பது? தெருவிலேயே, சுத்தமாக வெளுக்கிற ஒரு கடை இருக்கிறதே. சொந்தக்காரிக்கு வேலை பிடித்துக் கொடுத்தாள் என்று தெரு பேசியது. நானும் பேசினேன். ஆனால் அக்காவைவிட வெள்ளையாக வெளுக்க இந்த வட்டாரத்தில் ஆள் இல்லை என்பதையும் சேர்த்தே பேசினேன்.

இரண்டாவது, வளாகத்துக்குள்ளேயே ஆழமாக ஒரு துளைக்கிணறு. தோண்டினார்கள். தண்ணீர் பீறிட்டது. பசுமைக் குழுவினர் நனைந்துகொண்டே படம் எடுத்துக்கொண்டார்கள். லாரி நின்றது.

கேள்விக்குப் பதில் எழுதினாள்: இல்லை, வாங்குவதில்லை. அந்த வருஷத்துப் பசுமை வளாகப் பரிசு கல்லூரிக்குத்தான், விழா வைத்துக் கொடுக்கப்போகிறோம் என்று கடிதம் வந்தது.

3

கதையை இங்கே சற்று நிறுத்துகிறேன். அவசரக்காரர்கள் நான்காவதுக்குப் போகலாம், கோபித்துக்கொள்ளமாட்டேன்.

தமிழில் இந்த 'வாங்கு'வைப் போலக் கள்ளத்தனமான வினைச்சொல் வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை. காசு கொடுத்தும் வாங்கலாம், கொடுக்காமலும் வாங்கலாம். திட்டு வாங்கலாம், பேர் வாங்கலாம். ஆளிடம் வேலை வாங்கலாம். படியேறினால் மூச்சு வாங்கும். பேசியே உயிரை வாங்குகிறவர்கள் எங்கள் தெருவில் உண்டு (என்னைச் சொல்லவில்லை). பக்கத்து வீட்டில் ஒரு கிண்ணம் சர்க்கரை வாங்கிவந்து, திருப்பித் தராமல் மறந்துவிட்டால், அதுவும் வாங்கினதுதான்.

பசுமை இத்தனையில் ஒன்றை மட்டும் பார்த்தாள்: ரசீது உள்ள வாங்கல். இரண்டு பட்டம், ஓர் ஆராய்ச்சிப் பட்டம் படித்தவள். கெட்டிக்காரி. கெட்டிக்காரர்கள் மட்டுமே இந்த மாதிரித் தப்பைச் செய்ய முடியும் என்பது என் எண்ணம். நம்மைப் போன்றவர்களுக்கு அதற்கான வாய்ப்புக் கிடைப்பதில்லை.

4

அக்கா வீட்டுக் கிணற்று மோட்டார் இருமத் தொடங்கியது.

முதலில் மோட்டார்மேல்தான் பழி விழுந்தது. ரிப்பேர்க்காரர் வந்தார், திட்டு வாங்கினார், போனார். பிறகு குழாயில் மணல் வந்தது, விரிப்புகள் பழுப்படித்தன. கல்லூரி விடுதியிலிருந்து, துணி சரியாக வெளுக்கவில்லை என்று புகார் வந்தது. அக்கா தன் ஆயுளில் கேட்காத சொல் அது. அன்று அவள் கடைக்கதவைப் பாதி சாத்திவிட்டு அதே விரிப்புகளை மறுபடி அலசினாள். கடைசியில் மோட்டார் இருமுவதையும் நிறுத்தியது. வெறும் காற்றை இழுத்து ஊளையிட்டது.

தெருவின் மற்ற கிணறுகளும் ஒவ்வொன்றாக வற்றின. எங்களுடையதும்தான்.

அப்புறம் லாரி வந்தது. கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த அதே லாரி, அதே டிரைவர். நாங்கள் இன்றும் அதைக் காலேஜ் லாரி என்றுதான் சொல்கிறோம். டிரைவரிடம் கேட்டேன், உங்களுக்கு ஒன்றும் நஷ்டம் இல்லையா என்று.

"எனக்கென்னங்க," என்றார். "அப்ப நேரா போனேன். இப்ப முன்னாடியே திரும்பிடறேன். டீசல் மிச்சம்."*

லாரித் தண்ணீரில் வெளுத்தால் ஒரு விரிப்புக்கு ஆகும் செலவு, அதற்குக் கிடைக்கும் கூலியைத் தாண்டிவிடும். அக்கா கொஞ்ச காலம் கைக்காசு போட்டுத் தாண்டினாள். பிறகு மகனுக்கு ஃபோன் செய்தாள்.

* இதுவும் ஒரு சுற்றுச்சூழல் சேமிப்பு என்று பசுமைக் குழு எங்காவது எழுதியிருக்கிறதா, தெரியவில்லை.

5

பசுமைக்கு எப்போது உறைத்தது? இதை நான் பார்க்கவில்லை. அவளே பிறகு அக்காவிடம் சொன்னது, என் காதில் விழுந்தது.

வகுப்பில் கரும்பலகையில் படம் போட்டுக்கொண்டிருந்தாளாம். மேலே கட்டடம், மரங்கள், மதில் சுவர். கீழே மண் அடுக்குகள், பாறை, நிலத்தடி நீர். துளைக்கிணற்றை நேர்கோடாக இறக்கினாள். திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: மதில் சுவரையும் இழுத்த வேகத்தில் தரைக்குக் கீழே, நீர்மட்டத்துக்கும் கீழே, பலகையின் விளிம்பு வரை இறக்கியிருந்தாள். கல்லூரித் தண்ணீர் இந்தப் பக்கம், தெருத் தண்ணீர் அந்தப் பக்கம். நடுவில் சாக்பீஸ் சுவர், பூமிக்கடியில் எங்கேயும் இல்லாத சுவர்.

கையாலேயே கீழ்க்கோட்டை அழித்தாளாம். அழித்த பிறகு பாடத்தைத் தொடர முடியவில்லை.

[இந்த இடத்தில் அவள் அழுததாக எழுதினேன். பிறகு எடுத்துவிட்டேன். அழுதிருந்தால் அக்காவிடம் சொல்லியிருப்பாள், எனக்கும் தெரிந்திருக்கும்.]

6

இந்தக் கதைக்கு ஒரு வில்லன் தேவை. கல்லூரி முதல்வரை வைத்திருந்தேன். தொப்பையும், ஏசி அறையும், மேசைமேல் பிளாஸ்டிக் பாட்டிலுமாக ஒரு பத்தி எழுதியும் விட்டேன். பிரச்சினை என்னவென்றால், ஆளை எனக்குத் தெரியும். ஒல்லியானவர். தினமும் எங்கள் தெரு வழியாக நடந்தே போவார், கையில் ஒரு பழைய எவர்சில்வர் பாட்டில். என் வீட்டு நாய்கூட அவரைப் பார்த்துக் குரைப்பதில்லை.

பசுமை அவரிடம் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். துளைக்கிணற்றை மூடிவிடலாம் என்றாள். அவர் குறுக்கிடாமல் கேட்டாராம். பிறகு மெதுவாகச் சொன்னாராம்:

"மூடலாம்மா. நாளைக்கே மூடலாம். விடுதிப் பிள்ளைங்களுக்குத் தண்ணி வேணும், மறுபடி லாரி வாங்கணும். அந்த லாரிக்காரர் எங்கேருந்து எடுக்கறார்? ஏதோ ஒரு தெருவுலேருந்து. அங்கேயும் யாருக்காவது ஒரு அக்கா இருப்பாங்க இல்லையா."

அவரை வில்லனாக்க நானும் இத்தனை நாளாக அவர் வாயில் ஒரு தப்பான வாதத்தைக் கொடுத்துவிட முயல்கிறேன், முடியவில்லை. தண்ணீரைக் குறைத்துச் செலவழிக்கலாமே என்று அவள் கேட்டிருக்கிறாள். குறைத்துவிட்டோமே, அதற்குத்தானே பரிசு என்றாராம். கிண்டலாகச் சொல்லவில்லை. அவர் முகமும் செத்துத்தான் இருந்தது என்றாள்.

எழுந்தபோது அவர் சேர்த்துச் சொன்னது: விழாவில் பரிசை நீங்கள்தான் வாங்க வேண்டும், இரண்டு வார்த்தை பேசவும் வேண்டும்.

7

மொட்டைமாடிக்குத் திரும்புகிறேன். அன்று கேட்டது ஒரு வாக்கியம் என்று சொன்னேன். முழுதும் கேட்டேன்.

மேடையில் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்றாள் தங்கை. பரிசைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன், தெரு முழுக்கக் காய்ந்து கிடப்பதைச் சொல்வேன், நீ போகிற காரணத்தைச் சொல்வேன். அக்கா மூட்டை கட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். கயிறு இறுக்குகிற சத்தம் வந்தது.

"சொன்னா கிணத்துல தண்ணி ஊறுமா?"

"அதுக்கில்லைக்கா."

"அப்ப எதுக்கு? உன் மனசு ஆறவா?"

கயிறு இன்னொரு சுற்று இறுகியது.

"இங்க பாரு. நம்மளப் பெத்தவ பாதியில போயிட்டா. நான்தான் வளத்தேன். எல்லார் அழுக்கையும் வெளுத்துதான் வளத்தேன். எனக்குன்னு மிச்சம் இருக்கறது என் தங்கச்சி காலேஜ்ல பெரிய ஆளுங்கறது ஒண்ணுதான். கடைதான் போச்சு. அந்தப் பேரையும் நீயே மேடை ஏறிக் கெடுத்துட்டு வருவியா? போற எடத்துல நான் என்னத்தச் சொல்லிக்கறது?"

"இது நான் பண்ணினது, அக்கா. நான்தான் பண்ணினேன்."

"தெரியும். நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? மோட்டார் நின்ன அன்னிக்கே தெரியும்."

நான் துண்டைக் கொடியிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். இதற்கு மேல் கேட்கக்கூடாது என்று எனக்கும் சில நேரம் தோன்றும்.

8

முடிவுகள்.

(அ) அவள் உண்மையைச் சொல்கிறாள். அரங்கம் உறைகிறது. பிறகு கைதட்டல் எழுகிறது, எழுந்து நின்று தட்டுகிறார்கள். சிறப்பு விருந்தினர், இப்படிப்பட்ட நேர்மைதான் நமக்குத் தேவை என்கிறார். சிக்கலை ஆராய ஒரு குழு அமைகிறது. குழுவுக்குப் பசுமையே தலைவி. ஆராய்ந்து முடிக்கும் வரை துளைக்கிணறு ஓடிக்கொண்டிருக்கும்.

[நடக்கக்கூடியது இதுதான் என்பதால் இதை எழுதவே பிடிக்கவில்லை.]

(ஆ) அவள் சொல்லவில்லை. நன்றி என்கிறாள், கேடயத்தை வாங்குகிறாள், படம் எடுக்கிறார்கள். வீட்டுக்கு வருகிறாள். கீழ்த்தளத்தில் சலவை எந்திரம் நின்ற இடத்தில் தரை மட்டும் வெளுத்து, சதுரமாக —

[இது அழகாக வந்துகொண்டிருந்தது. அழகாக வருவதற்கு இதில் ஒன்றும் இல்லை.]

(இ) அவள் வாயைத் திறக்கும்போது வெளியே மழை பிடித்துக்கொள்கிறது. பேய் மழை. கிணறுகள் —

[மழை எழுதும்போது கை என்னமாய் ஓடியது தெரியுமா. ஒரு முழுப் பக்கம். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். அவ்வளவு ஆழத்துக்குக் கீழே இருந்து உறிஞ்சியது, ஒரு மழையில் திரும்பாது என்று பசுமையே பாடம் நடத்துகிறாள்.]

(ஈ) முதல்வர் மேடையில் —

(உ)

9

சரி. எனக்குத் தெரிந்த வரை சொல்லிவிடுகிறேன், மிச்சம் உங்கள் பாடு.

சாமான் ஏற்றின வேன் தெருவில் நிற்கிறது. விழா முடிந்தபின் கிளம்பலாம் என்று அக்கா டிரைவரைக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறாள். அவர் ஏற்கெனவே இரண்டு தரம் ஹாரன் அடித்தாயிற்று. அரங்கத்தில் நான் பின்வரிசையில் இருக்கிறேன். அழைப்பு இல்லாமல் எப்படி நுழைந்தேன் என்று கேட்காதீர்கள். அக்கா மூன்றாவது வரிசையில். முன்வரிசைப் பேராசிரியர்கள் போட்டிருக்கும் அங்கிகள் அவள் கடைசியாக வெளுத்துக் கொடுத்தவை, பளிச்சென்று இருக்கின்றன. அதில் ஒருவருடைய காலர் மடங்கியிருப்பதைப் பார்த்து அவள் கை தானாக நீள்கிறது, எட்டவில்லை, இழுத்துக்கொள்கிறாள்.

பசுமையின் பெயரைக் கூப்பிடுகிறார்கள். மேடையேறுகிறாள். கேடயத்தை இரண்டு கையாலும் வாங்குகிறாள். ஒலிவாங்கி முன்னால் வந்து நிற்கிறாள். மேசையில் அவளுக்காக ஒரு தம்ளர் தண்ணீர் வைத்திருக்கிறார்கள், வளாகத் தண்ணீர். அவள் அதைத் தொடவில்லை.

அக்கா இரண்டு உள்ளங்கைகளையும் மடியிலிருந்து எடுத்து, ஒன்றுக்கொன்று நேராக, தயாராக வைத்துக்கொள்கிறாள்.

இப்போது தங்கை என்ன சொன்னாள் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எதை வேண்டுமானாலும் எழுதுங்கள், கிணற்றில் மட்டும் தண்ணீர் விட்டுவிடாதீர்கள். அவளுடைய பேச்சு எனக்கு எழுத வரவில்லை என்பதில்லை, மூன்று விதமாக எழுதி வைத்திருக்கிறேன். அந்தக் கைகளைத்தான் எழுத முடியவில்லை. தங்கை என்ன சொன்னாலும் அக்கா கைதட்டத்தான் போகிறாள்.