தொடையெலும்பில் முதல் தரம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் நிஜம். ஆம்பூர் பெரிய மசூதி மினாரா மேலும், குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு மேலும் சத்தியம். சந்தேகப்படுகிறவர்கள் பாலாற்றில் தண்ணீர் ஓடுகிற அன்று வந்து சண்டை போடலாம்.

ஐம்பத்தைந்தாம் வருஷம். அப்துல் வஹாப் முதலாளியின் டேனரியில் வீரபாகுவும் இஷ்தியாக் அகமதுவும் பக்கத்துப் பக்கத்து மேஜை. பதனிட்ட தோலைத் தடவி, நார் எப்படியென்று விரலாலேயே பார்த்து, முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரிப்பது இருவருக்கும் வேலை. ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுக்கிற தோஸ்துகள். முதலாளி இருவரில் ஒருவரைத் தலைமை மேஸ்திரியாக்கப் போகிறார் என்று பேச்சு கிளம்பியது. அன்றிலிருந்து வீரபாகு பீடியைத் தனியாகப் பிடித்தான்.

அந்தச் சமயம் பார்த்து இஷ்தியாக்கின் வலது தொடை வலிக்க ஆரம்பித்தது. கால் வளைந்து, நொண்டினான். வேலூர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் எலும்பின் நடுப்பகுதி, உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்த கண்ணாடி மாதிரி மங்கலாக இருந்தது. துளி எலும்பைக் கிள்ளியெடுத்துச் சோதித்தார்கள்.

"புத்துநோய் இல்ல, பயப்படாதே. எலும்பு இருக்க வேண்டிய எடத்துல நார் வளர்ந்திருக்குது" என்றார் டாக்டர்.

வேறு ஊராக இருந்தால் இதை நோய் என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஆம்பூரில் நார் என்றால் தோல். பஸ் வந்து சேருவதற்குள் செய்தி வந்து சேர்ந்துவிட்டது: இஷ்தியாக்குக்கு எலும்புக்குள்ளேயே தோல் விளைகிறது!

டேனரியில் தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியில் நின்றவர்கள் கை கழுவிவிட்டு வந்து அவன் தொடையைத் தடவிப் பார்த்தார்கள். "முதல் தரம்" என்றார்கள். முதலாளியே தடவினார். வீரபாகு மட்டும் தடவாமல் வீட்டுக்குப் போனான்.

"எலும்பே தோலா இருக்குறவனை வுட்டுட்டு உனக்கா மேஸ்திரி வேலை குடுப்பாங்க?" என்றாள் அவன் மனைவி கமலவேணி, சோற்றைப் போட்டுக்கொண்டே.

"அவனுக்கு விளைஞ்சா எனக்கு விளையாதா?"

மறுநாள் முதல் வீரபாகு, தோலைப் பதனிட ஆவாரம்பட்டை ஊறுகிற தொட்டியில் வலது காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்தான். ஆட்டுத்தோல் பதமாகிற காலத்தில் அவன் காலும் பதமாகியது. நல்ல பழுப்பு நிறம். நடந்தால் புதுச் செருப்பு மாதிரி கிறீச்சிட்டது. அந்தக் காலில் கொசு உட்கார்ந்து, மூக்கு மடங்கித் திரும்பிப் போனதைப் பார்த்தவர்கள் உண்டு.

அதே வேகத்தில் வேலூருக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டான். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

"அருமையான எலும்பு. ஒரு குறையும் இல்ல."

"மூலையில பாருங்க சார். துளி நாராவது இருக்கும்."

"இல்லப்பா."

"மூணாம் தரமா இருந்தாக்கூடப் பரவால்ல சார்!"

ஆரோக்கியம் என்று கேள்விப்பட்டு அந்த ஆஸ்பத்திரியில் அழுத ஒரே ஆள் வீரபாகுதான்.

பிறகு இஷ்தியாக்குக்கு ஆபரேஷன் நடந்தது. நாரைச் சுரண்டி எடுத்துவிட்டு, இடுப்பிலிருந்து வெட்டிய எலும்புத் துண்டுகளை அந்தக் குழியில் அடைத்து, மாவுக்கட்டு போட்டார்கள். வீரபாகு சாத்துக்குடியோடு பார்க்கப் போனான். அத்தனை சந்தோஷமாக எவனும் நோயாளியைப் பார்க்கப் போயிருக்க மாட்டான்.

"போச்சா பாய், எல்லாத்தையும் சுரண்டிட்டாங்களா? இனிமே நீயும் என்னை மாதிரி வெறும் எலும்புதான்."

"திரும்ப வளர்ந்தாலும் வளருமாம்பா. அடிக்கடி வந்து காட்டச் சொல்லியிருக்காரு" என்றான் இஷ்தியாக், கவலையோடு. "சுரண்டினதை பாட்டில்ல போட்டு வெச்சிருக்காங்க. டாக்டருக்குப் படிக்கிற பசங்க வந்து வந்து பார்த்துட்டுப் போறாங்க. ஒரே பேஜாரு."

வீரபாகு சாத்துக்குடியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

"நான் மூணாங்கிளாஸ் தாண்டலை" என்று கமலவேணியிடம் பொருமினான். "அவன் எலும்பு காலேஜ்ல இருக்குது!"

"என்னாண்ட இன்னாத்துக்கு அழுவுறே? மேஸ்திரி வேலை யாருக்குன்னு மொதலாளியையே கேளு போ."

வீரபாகு சட்டையை மாட்டிக்கொண்டு, கால் கிறீச்சிட, முதலாளியின் அறைக்குப் போய் நின்று கேட்டான்.

அந்த டேனரியில் தலைமை மேஸ்திரி என்று ஒரு வேலை கிடையவே கிடையாது.