ஏணை கட்டிய தறி

கைறுன்னிஸாவின் தறியை நாலு பேர் தூக்கிவந்து என் வீட்டு விறாந்தையில் பூட்டிவிட்டுப் போன அன்றே, அதன் பின்னால் அவளுடைய மூத்த மகளும் வந்துவிட்டாள். யாரும் கூப்பிடவில்லை. நான் மிதிக்கத் தொடங்கியதும் தறிக்கம்பத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள். நபீஸாவுக்கு எட்டு வயது. பேச்சு இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதும் இல்லை. தறி ஓடும்வரை அவளைப்போல அமைதியான பிள்ளை காத்தான்குடியிலேயே கிடையாது. நின்றால் போச்சு, இரண்டு கையாலும் தன் தலையில் அடித்துக்கொள்வாள்.

குற்றம் தாயுடையதுதான் என்று அவள் முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன். பிள்ளையையும் பார்க்க வேண்டும், நெய்யவும் வேண்டும் என்று கைக்குழந்தையாய் நபீஸாவைக் கிடத்திய ஏணையைத் தறிக்கம்பத்தோடு கட்டினாள். உண்மையைச் சொன்னால் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கட்டினோம். எங்கள் பிள்ளைகள் இறங்கி ஓடிவிட்டார்கள், இவள் இறங்கவில்லை.

கைறுன்னிஸாவின் புருசன் உசனார் பினாங்குக்குப் போய் நாலு வருடம். அங்கே ஒரு புடவைக்கடையில் வேலை. இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இந்தக் கப்பலில் வந்துவிடு, வராவிட்டால் இனிக் கூப்பிட மாட்டேன் என்று எழுதியிருந்தான். அங்கேயே இன்னொருத்தியை நிக்காஹ் செய்யப்போகிறான் என்பது எங்கள் தெருவுக்கே விளங்கியது. தறியை எனக்கு விற்றுத்தான் கைறுன்னிஸா கப்பலுக்குக் காசு கட்டினாள்.

கப்பலில் போகிறவர்களை டவுனில் ஒரு டாக்குத்தர் பார்த்து, போகலாம் என்று துண்டு எழுதிக் கொடுக்க வேண்டும். துணைக்கு நானும் போனேன். கைறுன்னிஸா வாங்குப் பலகையில் உட்கார்ந்து, முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டு, விரல் கணுவால் அதில் தட்டிக்கொண்டே இருந்தாள். தறியின் அதே தாளம். நபீஸா கண்ணைப் பார்க்க விட்டாள், தொண்டையைப் பார்க்க விட்டாள். நெஞ்சில் குழாயை வைத்தபோதுதான் டாக்குத்தருக்கு அந்தச் சத்தம் இடைஞ்சலாகிவிட்டது.

"தட்டுறத நிப்பாட்டு," என்றார்.

அவள் நிறுத்தினாள். பிறகு நடந்ததைப் பார்க்க முடியாமல் நான் வெளியே வந்துவிட்டேன். துண்டு இரண்டு பேருக்குத்தான் கிடைத்தது, தாய்க்கும் இளையவள் பரீனாவுக்கும்.

மூன்று நாள் கைறுன்னிஸா வெளியே தலைகாட்டவில்லை. நாலாம் நாள் வந்து தறிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ராத்தா, நீங்க நெய்யிற மட்டும் அவ என்னைத் தேடமாட்டா."

"நெய்யாத நேரம்?"

அவள் தறிக்கம்பத்தைத் தடவினாள்.

"நான் மௌத்தாகி மண்ணுக்குள்ள போனா?"

"அவர் அங்க கட்டிட்டாரெண்டா, இஞ்ச எங்க மூணு பேருக்கும் ஆரு ராத்தா சோறு தாற? தறியும் இல்ல."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. நீயும் ஒரு தாயா என்று கேட்க வாயெடுத்தவள், அவள் முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டேன்.

"கொண்டுவந்து விடு," என்றேன்.

துறைமுகத்துக்கு ரயிலேறப் போகும் காலையில் நபீஸாவைக் குளிக்கவார்த்து, கப்பலுக்கென்று தைத்த பச்சைச் சட்டையைப் போட்டுக் கொண்டுவந்தாள். நான் நெய்யத் தொடங்கினேன். பிள்ளை கம்பத்தில் சாய்ந்தது. தொட்டால் எழும்பிவிடுவாள் என்று கைறுன்னிஸா அவளைத் தொடவில்லை.

"நபீஸா ராத்தா வரல்லயா உம்மா?" என்று பரீனா கேட்டாள்.

"மறுகா வருவா, நாம முந்திப் போவம்."

அவர்களை ஏற்றிய மாட்டுக்கரத்தையின் சக்கரம் அசைந்து சலங்கைச் சத்தம் கிளம்பிய நேரம் பார்த்து, தறியின் பாவுநூலில் ஓர் இழை அறுந்தது. இழை அறுந்தால் அந்த இடத்திலேயே தறியை நிறுத்தி முடிச்சுப் போட வேண்டும். இல்லாவிட்டால் அது பக்கத்து இழைகளையும் இழுத்துக்கொண்டு போகும். நாற்பது வருடத்தில் ஒரு தடவைகூட நான் நிறுத்தாமல் விட்டதில்லை.

நிறுத்தவில்லை. இன்னும் ஓங்கி மிதித்தேன். இரண்டாவது இழை அறுந்தது, பிறகு நாலைந்து சேர்ந்து அறுந்தன. அந்தச் சத்தத்தில், கரத்தை தெருவைத் தாண்டியிருக்குமா, இன்னும் வாசலில்தான் நிற்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. தறியை நிறுத்தினால்தான் கேட்கும். அறுந்த நூல்கள் ஒவ்வொன்றாக நபீஸாவின் பச்சைச் சட்டையில் விழுந்துகொண்டிருந்தன. அவள் கண்ணை மூடியிருந்தாள்.