ஒன்பது வீட்டு விருந்தும் ஒரு பெல்ட்டும்

அந்த மேயருக்கு மூளை இருக்க வேண்டிய இடத்தில் மைக்கை வைத்துவிட்டார்கள் என்று பயிற்சியாளர் இஸ்லாவ் ஒரு வாரமாகப் புலம்பிக்கொண்டிருந்தார். அதில் தப்பே இல்லை. நாட்டுப் பட்டத்துக்கான குத்துச்சண்டை எங்கள் ஊருக்கு வருகிறதென்றால் சந்தோஷந்தான். திருவிழாவுக்கு மறுநாள் சண்டை என்றதும் சரிதான். ஆனால் முந்தின நாள் எடை பார்க்கிற வேலையை, திருவிழா அன்றைக்கே, சாயங்காலம் நாலு மணிக்கு, சர்ச் மைதானத்தில் வைப்பானா ஒருத்தன்? வழக்கமாகக் காலையிலேயே எடை பார்த்து முடித்துவிட்டு, அப்புறம் வயிறு முட்டத் தின்ன விடுவார்கள். போஹோல் தீவில், மே மாதத்தில், ஊரே கதவைத் திறந்து வைத்துப் போகிறவன் வருகிறவனைக் கையைப் பிடித்து இழுத்துச் சோறு போடுகிற நாளில், இரண்டு பேரை மட்டும் நாலு மணி வரைக்கும் பட்டினி போடலாம் என்று எங்கள் மேயருக்குத்தான் தோன்றும்.

காலை ஆறு மணிக்கு மீன் மார்க்கெட் தராசில் ஏறி நின்றான் எங்கள் ஊர்க் குத்துச்சண்டைக்காரன் தேரியோ. சரியாக நாற்பத்தெட்டு கிலோ காட்டியது. இருக்க வேண்டியது நாற்பத்தேழு கிலோ அறுநூறு கிராம். குத்துச்சண்டையில் அதற்குக் கீழே வேறு பிரிவு கிடையாது.

"நானூறு கிராம் கூட இருக்கு. மீனா இருந்தா தலையை வெட்டிட்டுச் சரி பண்ணிருவேன். உனக்கு என்ன பண்றது?" என்றாள் மீன்காரி.

"அவன் தலையில என்ன இருக்கு, நானூறு கிராம் வர்றதுக்கு?" என்றார் இஸ்லாவ்.

தேரியோவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தாலும் வியர்க்கும் என்று நன்றாகவே சிரித்தான். அவனுக்கு வயது முப்பத்திரண்டு. பதினாலு வருஷமாக இந்த எடையில் சண்டை போடுகிறான். டோக்கியோ போய்த் தோற்றிருக்கிறான், பாங்காக் போய் மூன்று தடவை தோற்றிருக்கிறான். சின்ன எடைக்காரன் பிழைப்பே அதுதான். வெளியூரில் போய் அந்த ஊர்ப் பையனை அடிக்க வேண்டியது, அந்த ஊர் நடுவர்கள் அந்த ஊர்ப் பையன் கையைத் தூக்குவதைப் பார்த்துக் கைதட்டிவிட்டுத் திரும்ப வேண்டியது. பட்டத்துக்கான சண்டை என்று ஒன்று சொந்த ஊரில் வருவது இதுதான் முதல் தடவை. இதை விட்டால் இன்னொன்று வராது. இந்த நானூறு கிராம் இறங்கவில்லையென்றால் எல்லாம் முடிந்தது.

அவன் மனைவி பெனிங்குக்கு வேறொரு மனக்குறை இருந்தது. கல்யாணமாகிப் பத்து வருஷம். ஒவ்வொரு மே மாதமும் எந்த மகராசனாவது ஜூனில் ஒரு சண்டையை வைத்துவிடுவான். பத்துத் திருவிழாவிலும் அவள் சமைத்ததை ஊரே தின்றது, புருஷன் மட்டும் வெள்ளரிக்காய் கடித்துக்கொண்டு நின்றான். அவன் சாப்பிடாமல் அவளும் தட்டு போட்டு உட்கார்ந்ததில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பதை வருஷா வருஷம் கண்ணால் பார்த்தவள் அவள்.

ஆனாலும் அன்றைக்கு யோசனை சொன்னது அவள்தான். "நீங்க வீட்டுக்கு வீடு ஓடுங்க. யாரு கூப்பிட்டாலும் உள்ளே போங்க. உங்களுக்குப் பதிலா இஸ்லாவ் அண்ணன் சாப்பிடட்டும்."

"நானா?" என்றார் இஸ்லாவ். முகத்தில் துக்கத்தைக் கொண்டுவரப் பார்த்தார். வரவில்லை.

வியர்த்து எடை இறங்கட்டுமென்று பிளாஸ்டிக் உடுப்பை மாட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தான் தேரியோ. அவன் வீட்டிலிருந்து மைதானம் வரைக்கும் தெருவில் ஒன்பது வீடு. முதல் வீட்டு வாசலிலேயே சபேல் அக்கா மறித்துக்கொண்டாள்.

"ஒரு வாய் சாப்பிட்டுட்டு ஓடு தம்பி."

"நாலு மணிக்கு எடை பாக்கணும் அக்கா."

"நாலு மணிக்குத்தானே? இப்ப மணி பத்துதானே ஆகுது. எங்க வீட்டுச் சோறு இளக்காரமாப் போச்சா உனக்கு?"

"அவன் பங்குக்கு நான்" என்று இஸ்லாவ் உள்ளே நுழைந்தார். வாட்டின பன்றி, தேங்காய்ப் பாலில் வெந்த கோழி, ஊதாக் கிழங்குக் களி. அவர் தின்று முடிக்கிற வரைக்கும் தேரியோ அந்த வீட்டுச் சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று குதித்தான். மூக்கில் ஏறுகிற வாசனைக்கு எடை உண்டா என்று அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. இரண்டாவது வீட்டில் இஸ்லாவ் பெல்ட்டைத் தளர்த்தினார். நாலாவது வீட்டில் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். ஆறாவது வீட்டில், "டேய், உன்னை நாற்பத்தேழுக்குக் கொண்டுவர நான் தொண்ணூறைத் தாண்டப் போறேன்" என்றார். குரலே மாறியிருந்தது. மனுஷன் சத்தமாக ஏப்பம் விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

ஏழாவது வீட்டுக்கு வெளியே இன்னொரு பிளாஸ்டிக் உடுப்பு எதிரே ஓடி வந்தது. உள்ளே இருந்தது சாம்பியன் வென்டெல். தெற்கே மின்டனாவோ தீவிலிருந்து வந்தவன், இருபத்துநாலு வயது. அவனோடு வந்த மூன்று பேரும் மேயர் வீட்டு விருந்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவே இல்லை. அவனுக்காகத் தின்ன ஓர் ஆள் கிடையாது. விருந்தாளி வேறு, ஊர் விடுமா? இரண்டு பக்கத்திலிருந்தும் கரண்டியோடு துரத்தினார்கள்.

"அண்ணே, உங்க ஊர்ல எல்லாருக்கும் பைத்தியமா?" என்று ஓடிக்கொண்டே கேட்டான்.

"இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் தம்பி" என்று ஓடிக்கொண்டே சொன்னான் தேரியோ.

நாலு மணிக்கு மைதானம் நிரம்பி வழிந்தது. சுற்றிலும் துண்டு பிடித்துக்கொள்ள, உள்ளாடையையும் கழற்றிவிட்டுத் தேரியோ தராசில் ஏறினான். நாற்பத்தேழு கிலோ அறுநூறு கிராம். கைத்தட்டலில் சர்ச் புறாக்கள் எல்லாம் பறந்தன. அடுத்து வென்டெல் ஏறினான். நாற்பத்தேழு கிலோ எண்ணூறு.

"ஒரே ஒரு துண்டு பன்றித் தோலுதான் தின்னேன்" என்றான் வென்டெல், யாரும் கேட்காமலே. "மொறுமொறுன்னு இருந்துச்சு. அப்புறம் ஒரு இளநி குடுத்தாங்க."

இரண்டு மணி நேரம் தருவதாக அதிகாரி அறிவித்தார். அதற்குள் இருநூறு கிராம் இறங்காவிட்டால் அவன் சாம்பியன் பெல்ட் போச்சு. நாளைக்குச் சண்டையில் அவன் ஜெயித்தாலும் அது திரும்பி வராது, தேரியோ ஜெயித்தால் தேரியோவுக்கு. மேயர் மைக்கைப் பிடித்து, பாதி பட்டம் ஊருக்கு வந்தாகிவிட்டது என்று முழங்கினார். ஊரே குதித்தது. பெனிங் கஞ்சிக் கிண்ணத்தோடு ஓடி வந்தாள். "குடிங்க, முதல்ல குடிங்க."

தேரியோ கிண்ணத்தை வாய்க்குக் கொண்டு போனான். அப்போதுதான் படியில் உட்கார்ந்திருந்த வென்டெல் கண்ணில் பட்டான். துண்டைக் கட்டிக்கொண்டு, எடை குறையட்டுமென்று டப்பாவில் எச்சில் துப்பப் பார்த்துக்கொண்டிருந்தான். வாயில் எச்சிலும் ஊறவில்லை. பக்கத்தில் ஒரு ஆள் இல்லை.

டோக்கியோவில் ஒரு ஓட்டல் குளியலறையில் தேரியோவும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தான். முந்நூறு கிராம் கூட இருந்தது. கதவுக்கு வெளியே யாரோ சிரித்துக்கொண்டு போனார்கள். பதினாலு வருஷமாகத் தன்னை ஏமாற்றின வெளியூர்களையெல்லாம் திட்டித் தீர்த்தவன் அவன். இப்போது சொந்த ஊரே அதைச் செய்துவிட்டு மைக்கில் பெருமை வேறு பேசுகிறது. அவனுக்கு வெட்கமாக இருந்தது. பன்றித் தோல் வாங்கிக் கொடுத்த பெல்ட் என்று சாகிற வரைக்கும் சொல்வார்களே என்று கோபமாகவும் இருந்தது. கஞ்சியைப் பெனிங் கையிலேயே கொடுத்துவிட்டான்.

"எந்திரிடா தம்பி. ஓடலாம்."

"டேய், கிறுக்கா! உக்காருடா" என்று பெஞ்சிலிருந்து இஸ்லாவ் கத்தினார். எழுந்து வந்து பிடித்திருப்பார். ஒன்பது வீட்டுச் சாப்பாடு அவரை எழுந்திருக்க விடவில்லை.

இரண்டு பேரும் அதே தெருவில் ஓடினார்கள். சபேல் அக்கா மறுபடியும் கரண்டியோடு குறுக்கே வந்தாள். தேரியோ நிற்கவே இல்லை. "ஆறு மணிக்கு மேல கூட்டிட்டு வர்றேன் அக்கா. எடுத்து வைங்க. நான் ஜாமீன்."

"நிச்சயமா வருவானா?"

"வருவேன் அக்கா, சத்தியமா" என்றான் வென்டெல். அந்த நிமிஷத்தில் அவன் எதற்கும் சத்தியம் செய்திருப்பான். ஒன்பது வீட்டிலும் அதே சத்தியம். நாலு சுற்று ஓடினார்கள். ஆறு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது வென்டெல் தராசில் ஏறினான், முள் சரியாக நின்றது. தேரியோவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். கூட்டத்தில் பாதிப் பேர் தேரியோவைத் திட்டினார்கள், பாதிப் பேர் அழுதார்கள், சிலர் இரண்டும் செய்தார்கள்.

சத்தியத்துக்கு உடனே ஆள் வந்துவிட்டது. சபேல் அக்கா மைதானத்துக்கே வந்து வென்டெலின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஜாமீன் நின்றவனும் கூடப் போக வேண்டுமே. விருந்தாளி சாப்பிட்டு முடித்த பிறகுதான் ஊர்க்காரன் உட்காரலாம், அதுதான் முறை. அதனால் தேரியோ பரிமாறினான். தன் பங்குக்கு அவன் உட்காரப் போகும்போது அடுத்த வீட்டுக்காரர் வந்து விருந்தாளியை இழுத்துக்கொண்டு போவார்.

"போதும் தம்பி, நாளைக்குச் சண்டை இருக்கு. சூப் மட்டும் குடி" என்று இரண்டாவது வீட்டில் நல்ல மனசோடுதான் சொன்னான் தேரியோ.

"நாலு நாளா சோறே பாக்கலை அண்ணே. இந்தத் தோலை இன்னும் ஒரு துண்டு வைங்க" என்றான் வென்டெல்.

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். பதினோராவதாகப் புத்தியும் பறந்தது. ஒன்பதாவது வீட்டில் வென்டெல் களியைத் தட்டோடு பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டான். தேரியோவுக்கு அன்றைக்குக் கிடைத்தது பெனிங் ஆற்றி வைத்திருந்த கஞ்சியும் இரண்டு முட்டையும்தான். அவளுக்கும் அவன்மேல் கோபந்தான். ஆனால் இரண்டாவது கிண்ணத்தைக் கேட்காமலே நிரப்பினாள்.

மறுநாள் சாயங்காலம் மணி அடித்தது. முதல் மூன்று ரவுண்டு தேரியோவுக்கு உயிர் போயிற்று. தின்று ஆறு கிலோ ஏறி வந்தவனின் ஒவ்வொரு குத்தும் மூட்டை விழுகிற மாதிரி விழுந்தது. இடது புருவம் கிழிந்தது. "நல்லா பரிமாறினே போ. உன் சோத்தாலேயே உன்னை அடிக்கிறான்" என்றார் மூலையில் இஸ்லாவ், ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே. நேற்று ஏன் அந்தக் கஞ்சியைக் குடித்துவிட்டுச் சும்மா உட்காரவில்லை என்று தேரியோவுக்கே தோன்றியது.

ஐந்தாவது ரவுண்டில் வென்டெல் வாயைத் திறந்து மூச்சு விட்டான். ஆறாவதில் இரண்டு கையாலும் தேரியோவைக் கட்டிப் பிடித்து, காதுக்குள் சொன்னான்: "அண்ணே, அந்தக் களியைத் தின்னிருக்கக் கூடாது."

உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு, சாம்பியனுக்கு இருக்காதா? அந்த வயிற்றுக்குள் என்னென்ன இருக்கிறது என்று உலகத்திலேயே ஒருத்தனுக்குத்தான் தெரியும். எல்லாம் அவன் கையால் வைத்தது. வஞ்சனை இல்லாமல்தான் வைத்தான். ஆனால் இது சண்டை. நடுவர் பிரித்துவிட்டதும் இடது கையை வளைத்து விலா எலும்புக்குக் கீழே ஒன்று வைத்தான். வென்டெல் ஒற்றை முட்டி போட்டு உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பத்து எண்ணுகிற வரைக்கும் தலையை ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்றான்.

சொந்த ஊர் மைதானத்தில் நடுவர் தன் கையைத் தூக்கினபோது தேரியோவுக்குக் காது கேட்கவில்லை. அந்தப் பட்டம் தராசு கொடுத்ததல்ல, அவனே அடித்து வாங்கியது. பெல்ட் அவன் இடுப்பை ஒன்றரைச் சுற்று சுற்றியது. மேயர் மைக்கில் ஏதோ சொன்னார். வென்டெல் அதைப் பிடுங்கி, "தராசை ஜெயிச்சேன், இவரை ஜெயிச்சிருப்பேன், சபேல் அக்காவை ஜெயிக்க முடியலை" என்றான். ஊர் சிரித்தது. சபேல் அக்காதான் எல்லாருக்கும் மேலே சிரித்தாள்.

வீட்டில் பெனிங் மேஜை போட்டிருந்தாள். திருவிழாப் பன்றியில் ஒரு விலாவை இரண்டு நாளாக யார் கண்ணிலும் படாமல் ஒளித்து வைத்திருந்தாளாம். புருவத்தில் தையலோடு, பெல்ட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தான் தேரியோ. இரண்டு வாய்தான் போயிருக்கும். இஸ்லாவ் கையை நீட்டித் தட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"ஆகஸ்ட்ல இதைக் காப்பாத்தியாகணும். நாற்பத்தேழு அறுநூறு. ஞாபகம் இருக்கட்டும்."

பெனிங் அவர் விரலைத் தட்டைவிட்டு ஒவ்வொன்றாக எடுத்தாள். "ஆகஸ்ட்ல நீங்க சொல்றபடி கேப்பாரு. இன்னைக்கு இவரு எடை எனக்குச் சொந்தம்."

தட்டு திரும்பி வந்தது. அதில் இன்னொரு கரண்டி சோறு போட்டுவிட்டு, பதினோராவது திருவிழாவில் முதல் தடவையாகத் தனக்கும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.