ஏழாம் குழியின் உயரம்

மோரன் அம்மையார் ஏழாம் குழிக்கு உரிய இடத்துக்கு வந்ததும் தொப்பியைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டுக் குப்புறப் படுத்தார். கன்னம் மண்ணில் பட்டது. அவர் அயர்லாந்துக்காரர், அறுபது வயதிருக்கும், கோல்ஃப் திடல்களை வடிவமைப்பது தொழில். நின்றுகொண்டு பார்த்தால் நிலத்தின் சரிவு சரியாகத் தெரியாது என்று வந்த அன்றே எங்களுக்குச் சொல்லியிருந்தார்.

"என்ன புள்ள, மனுசிக்கு மயக்கமா?" என்று முகைதீன்பாவா காக்கா கேட்டார். ஏறாவூர்க்காரர், காக்கா என்றால் அந்தப் பக்கத்து முஸ்லிம்களிடையே அண்ணன். இந்தக் கரையில்தான் தோணி விடுகிறார். பற்றை வெட்டுவதற்காக இந்தக் கிழமை எங்களோடு சேர்ந்திருந்தார்.

"இல்ல காக்கா, சரிவு பாக்கிறா."

"படுத்துக்கிட்டா? நாங்கெண்டா தண்ணிய உட்டுப் பாத்திருவம்."

ஜெயராஜா சேர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாவியைப் பார்த்தார். அவர் நில அளவையாளர். அவருடைய அலுவலகத்தில் நான் எட்டு மாதமாக வேலை செய்கிறேன். மட்டக்கருவியில் உயரங்களை வாசித்துக் கொப்பியில் எழுதுவேன், பிறகு படமாக வரைவேன். பாசிக்குடாவில் விடுதி வைத்திருக்கும் ஒரு கம்பனி, வாவிக்கரையில் கோல்ஃப் திடல் அமைக்க நினைத்தது. கரையை அளந்து படம் கொடுத்தது நாங்கள். அந்தப் படத்தின் மேல்தான் அம்மையார் தன் பதினெட்டுக் குழிகளையும் வைத்திருந்தார். அவற்றில் ஏழாவது மிக நல்லது என்றார். மூன்று பக்கமும் தண்ணீர், நடுவில் மேடான புல்தரை.

புல்தரையைச் சுற்றி ஆழமான மணற்பள்ளங்கள் வரும் என்றும், வேறு இடத்திலிருந்து வெள்ளை மணல் கொண்டுவந்து அவற்றை நிரப்ப வேண்டும் என்றும் சேர் மொழிபெயர்த்தார்.

"மணலத் தோண்டிப்போட்டு, மறுகா அதுக்குள்ள மணலக் கொட்டுறதா?" என்றார் காக்கா. "பந்து அதுக்குள்ள உழுந்திராதா?"

"விழத்தான் வேணுமாம்."

"அப்ப சரி."

அம்மையார் தலையைத் தூக்கினார். பக்கத்தில் நின்ற கண்டல் மரத்தைக் காட்டி, முழங்கால் உயரத்தில் கிளைகளில் காய்ந்து தொங்குவது என்ன என்று கேட்டார்.

"பாசி" என்றார் காக்கா. "நத்தாருக்கு முந்தி இவ்வளவுக்குத் தண்ணி நிண்ட. ஆத்துவாய் வெட்டின பொறகுதானே வத்தின."

சேர் அதை ஆங்கிலத்தில், மழைக்காலத்தில் இந்த இடம் கொஞ்சம் நனையும் என்று மாத்திரம் சொன்னார். அம்மையார் தலையாட்டினார். நான் காக்காவின் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டேன்.

"எந்த நாள் வெட்டின காக்கா?"

"நத்தாருக்கு முந்தின ஞாயிறு. வெள்ளாம தாழுது எண்டு வெல்லாவெளிப் பக்கத்து ஆக்கள் கத்தின கத்தில வெட்டிப் போட்டாங்க. இன்னம் ஒரு கிழம பொறுத்திருந்தா எங்களுக்கு றால் பட்டிருக்கும்."

கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. நான் தொப்பியைப் பிடித்தபடியே நின்றேன்.

வாவி கடலைச் சந்திக்கும் இடத்தை மணல் மூடிவிடும். மாரி மழையில் வாவி பெருகி வயல்களுக்குள் ஏறும். அப்போது அந்த மணலை வெட்டி விடுவார்கள், தண்ணீர் கடலுக்கு ஓடும். அதைத்தான் ஆற்றுவாய் வெட்டுவது என்கிறோம். இது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்தும், அளக்கும்போது ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை.

நான் அளந்தது அந்த ஞாயிறுக்கு முந்திய நாளும் மறுநாளும். சனிக்கிழமை வடக்கிலிருந்து தொடங்கி, தண்ணீர் விளிம்பில் ஒன்று முதல் பத்தொன்பது வரை முளை அடித்து உயரம் எடுத்தேன். அதற்கு அப்பால் கண்டல் பற்றை, போக வழியில்லை. திங்கட்கிழமை வேறு பாதையால் தெற்குப் பக்கம் போய், இருபது முதல் முப்பத்துநான்கு வரை எடுத்தேன். அலுவலகத்தில் கணக்குப் பார்த்தபோது திங்கட்கிழமைத் தண்ணீர் ஐம்பத்தெட்டு சென்ரிமீற்றர் தாழ்வாக இருந்தது. ஒரே வாவி ஓரிடத்தில் உயர்ந்தும் இன்னோரிடத்தில் தாழ்ந்தும் நிற்காது. ஆகவே பிழை என்னுடையது, முதல் வாசிப்பைத் தவறாக வாசித்திருக்கிறேன் என்று முடிவெடுத்தேன். திங்கட்கிழமை உயரங்கள் எல்லாவற்றுடனும் ஐம்பத்தெட்டைக் கூட்டினேன். "தொடக்க வாசிப்பில் தவறு, திருத்தப்பட்டது" என்று ஓரத்தில் எழுதினேன். சேர் பக்கத்தில் கையெழுத்து வைத்தார். தண்ணீர் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டதில் எனக்கு அன்று நிம்மதியாக இருந்தது.

ஏழாம் குழியின் மேடு தெற்குப் பக்கத்தில் இருக்கிறது. ஞாயிறு வெட்டியதில் தண்ணீர்தான் இறங்கியிருந்தது, அந்த மேட்டின் உயரத்தில் ஐம்பத்தெட்டு நிலத்தில் இல்லாதது, நான் கூட்டியது.

அன்று மாலை வகுப்பில் எதுவும் மனதில் நிற்கவில்லை. படவரைஞர் கற்கைநெறி அது. வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் இடம், ஒவ்வொரு தவணைக்கும் வேலை கொடுப்பவரின் கடிதம் வேண்டும். வேலை போனால் வகுப்பும் போகும். பக்கத்தில் இருக்கும் காத்தான்குடி நஸ்ஹா என் தாளை எட்டிப் பார்த்தாள்.

"என்னகா, ஒரு கோடும் கீறல்ல?"

சொன்னேன்.

"அப்ப நிலத்த ரெண்டடி உசத்தி வெச்சிருக்காய்?"

"கிட்டத்தட்ட."

"அல்லாவே! எங்கட வளவையும் ஒருக்கா வந்து அளந்து தாகா. மழைக்குக் குசினிக்குள்ள தண்ணி வருகுது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"சொல்லப் போறியா?"

"படத்தில சேர்ட முத்திரை இருக்கு. சொன்னா அவருக்குத்தான் வெட்கம். என்னை வெச்சிருக்க மாட்டார்."

"சொல்லாட்டி?"

"புல்லுப் போட்டு முடிய, மாரிக்கு அது தண்ணிக்குள்ள போகும்."

"போனா உன்ன ஆர் கேக்கிற? முத்திர அவர்டதானே."

ஆறுதலுக்காகத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். ஆனால் அதைக் கேட்ட பிறகு எனக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை உண்மையிலேயே வெட்டினார்களா, காக்கா நாளை மாற்றிச் சொல்லுகிறாரா, திங்கட்கிழமை உண்மையிலேயே நான் பிழையாக வாசித்திருக்கவும் கூடுமா? மூன்றையும் கொப்பியில் எழுதிப் பார்த்தேன். மூன்றும் சரி போலவே இருந்தன.

வெள்ளிக்கிழமை அம்மையார் படத்துடன் கொழும்புக்குப் போவதாக இருந்தது. வியாழன் காலை, சேர் வந்து கதிரையில் இருந்ததும் கொப்பியை விரித்து அவர் முன்னால் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"இது ஆர்ர எழுத்து?"

"என்ர, சேர்."

"பக்கத்தில?"

"உங்கட."

அவர் தன் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார். நான் என் பையைத் தூக்க வேண்டி வருமோ என்று அதன் பக்கம் பார்த்தேன்.

"ஞாயிறு வெட்டினது எனக்குத் தெரியும்" என்றார். "மச்சானுக்கு வெல்லாவெளியில வயல். அண்டைக்கே போன் எடுத்துச் சொன்னவன்."

"அப்ப சேர்..."

"உன்ர குறிப்பு வடிவா இருந்திச்சு. வடிவா இருந்ததால வாசிக்கல்ல."

அவர் கோபப்படாதது எனக்கு விளங்கவில்லை. கோபப்பட்டிருந்தால் என்ன செய்வது என்று தெரிந்திருக்கும்.

"வா, போவம். அவட்ட நீதான் சொல்லோணும். இங்கிலிஷ் பிழைச்சா நான் பாத்துக்கொள்ளுறன்."

அம்மையார் ஏழாம் குழியில்தான் இருந்தார், காக்கா பக்கத்தில் பற்றை வெட்டிக்கொண்டு நின்றார். நான் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். அப்படியென்றால் இந்த வாவியின் வழமையான மட்டம் எது?

சேர் என்னைப் பார்த்தார். நான் காக்காவைப் பார்த்து அதைத் தமிழில் கேட்டேன்.

"ஆருக்கு? வயல்காரனுக்கா, மீன்காரனுக்கா?" என்றார் காக்கா. "அவன் வெட்டு எண்டுவான், நாங்க பொறு எண்டுவம். மறுகா கச்சேரியில கூட்டம் வெச்சு ஒரு நாளச் சொல்லுவாங்க. அது வரைக்கும் இது தண்ணி. அதுக்குப் பொறகு இது தரை."

சேர் இம்முறை, கச்சேரி என்றால் மாவட்ட அரசாங்க அலுவலகம் என்பது உட்பட, முழுவதையும் மொழிபெயர்த்தார். அம்மையாரின் புருவம் உயர்ந்தது.

"என் கரை எங்கே இருக்க வேண்டும் என்று வருடாவருடம் ஒரு கூட்டம் முடிவு செய்கிறதா?" சேர் அதையும் தமிழில் சொன்னார்.

"ஓம்" என்றார் காக்கா. "தேத்தண்ணியும் குடுப்பாங்க."

அம்மையார் மறுபடியும் மண்ணில் கன்னத்தை வைத்துப் படுத்தார். முன்பைவிட அதிக நேரம் படுத்திருந்தார். எழுந்து, படத்தை மடியில் விரித்து, ஏழாம் குழியின் மேல் பென்சிலால் குறுக்கே கோடு போட்டார். இவ்வளவு நல்ல குழியை இனி வரையக் கிடைக்குமோ தெரியாது என்று சொன்னார். அது என்மேல் குற்றமா, என் ஐம்பத்தெட்டுக்குப் பாராட்டா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. கொழும்புப் பயணம் ஒரு நாள் பிந்தினாலும் பரவாயில்லை, தெற்குப் பக்கத்தை இன்றே மறுபடி அளக்கத் தொடங்க வேண்டும், படத்தில் வெட்டுமுன் கரை ஒன்றும் வெட்டியபின் கரை ஒன்றும் வேண்டும் என்றார்.

"ஒரு படத்தில ரெண்டு கரையா?" என்று சேர் தமிழில் முணுமுணுத்தார். ஆனால் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு, மட்டக்கோலைத் தானே தூக்கிக்கொண்டு சேற்றுக்குள் இறங்கினார். நான் பற்றைக்கு இந்தப் பக்கம் கருவியை நிறுத்தி மட்டம் பார்த்தேன்.

"முளை இருபது!" என்று கத்தினார். "வாசி!"

வாசித்துக் கணக்குப் பார்த்தேன். அந்தத் திங்கட்கிழமை, கூட்டுவதற்கு முன் நான் எழுதிய அதே எண் வந்தது.

"சரியா?"

"தெரியா சேர். இன்னொருக்கா வாசிக்கிறன்."

"வாசி, வாசி" என்றார் சேர், சேற்றில் காலை மாற்றி வைத்து. "இண்டைக்கு முடியாட்டி மிச்சத்த நாளைக்கு வந்து செய்வம்."