போணிப் பொத்தான்

2006இல் படூரில் எங்கள் கம்பெனி செய்த மென்பொருளுக்கு ஒரே வேலை. வெப்சைட்டில் இருக்கும் படங்களை மொத்தமாகச் சுருக்கும். பக்கம் சட்டென்று திறக்கும். எவ்வளவு சுருக்கலாம் என்று கேட்க, முன்னும் பின்னும் காட்ட, சுருக்க, பழையபடி மீட்க என்று நாலு பொத்தான் வரைந்து கொடுத்தேன். முதலாளி நரசிம்மன் மூன்றை அடித்துவிட்டார். "சுருக்கு" ஒன்றே போதுமாம், கஸ்டமர் குழம்பிவிடுவாராம்.

அதை வாங்கிய மாமல்லபுரம் லாட்ஜ்காரர் திருவேங்கடம் மாதம் முடிவதற்குள் போன் செய்தார். டிசம்பர் சீசன் நெருங்குகிறது, அவருடைய அறைப் படங்களெல்லாம் தபால்தலை அளவுக்கு வந்துவிட்டன. இந்தக் கஸ்டமர் போனால் என் வேலை நிரந்தரமாகாது என்று சொல்லி நரசிம்மன் என்னை அனுப்பிவைத்தார். பொத்தானை வெட்டியவர் அவர், மாட்டிக்கொண்டவள் நான்.

எத்தனை தடவை அழுத்தினீர்கள் என்று திருவேங்கடத்திடம் கேட்டேன்.

"ஒரே தபாதாம்மா. காலைல கற்பூரம் காட்டிட்டு, போணிக்கு ஒரு தபா. டெய்லி."

ஆள் வராத நாளிலும் முதல் வியாபாரம் ஆன மாதிரி மனசு நிறைந்துவிடுமாம். ஒவ்வொரு அழுத்தலுக்கும் படம் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். இருபத்திரண்டு நாள் பக்தி.

நல்லவேளை, போட்டோ எடுத்தவரின் சிடியில் அசல் படங்கள் இருந்தன. அவற்றை ஏற்றினேன். நரசிம்மனைக் கேட்காமலே அந்த மூன்று பொத்தானையும் சேர்த்தேன். ஒருமுறை சுருக்கியாகிவிட்டால் "சுருக்கு" மங்கிப்போய், அழுத்த முடியாமல் நிற்கும்படி செய்தேன். மறுநாள் காலை அதைப் பார்த்ததும் திருவேங்கடத்தின் முகம் தொங்கிவிட்டது.

"போணி ஆகாம எப்டிம்மா தொறக்கறது? நான் வேற கம்பெனியாண்ட போய்க்கறேன்."

வந்த எரிச்சலில், பெரிதாக ஒரு மஞ்சள் பொத்தானை வைத்தேன். அழுத்தினால் மணி அடிக்கும், "நல்லபடியாக ஆயிற்று" என்று எழுத்து வரும். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் நரசிம்மனே நேரில் வந்தார். திருவேங்கடம் கற்பூரம் காட்டி மஞ்சள் பொத்தானை அழுத்தினார். மணி அடித்தது.

"இப்பத்தான் சார் கரீக்டா வேலை செய்யுது," என்றார்.

வெளியே வந்ததும், அது என்ன செய்யும் என்று நரசிம்மன் கேட்டார். ஒன்றுமே செய்யாது என்றேன். கார்க் கதவைத் திறந்தவர் திரும்பினார்.

"ஹரிப்ரியா, எல்லா கஸ்டமருக்கும் இதை வச்சிடு."

வேலை நிரந்தரமானது. எந்தப் புகாரும் வராத ஒரு பொத்தானை வடிவமைத்ததற்காக என்று உத்தரவில் காரணம் எழுதியிருந்தார். பாடுபட்டுச் செய்த மற்ற நாலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.