பொம்மைக்குக் கையெழுத்துப் போட்டவர்

பயிற்சிக்கூடத்து ரப்பர் பொம்மைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு உண்மையிலேயே மாரடைப்பு வந்தது. அதற்கு முந்தைய ஆறு வருடங்களில் அது நானூறு தடவைக்கு மேல் செத்திருக்கிறது. ஆனால் அதெல்லாம் கம்ப்யூட்டர் சொன்னபடி செத்தது. இந்த முறை டெக்னீஷியன் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்கு வியர்த்தது. ஊசி குத்தினால் வழக்கமான சிவப்புச் சாயம் வரவில்லை, ரத்தம் வந்தது. விஷயம் அலுவலகத்துக்குப் போனதும் குமாஸ்தா, நோயாளி என்றால் சீட்டு வேண்டுமே என்று ஒரு எண் போட்டுக் கொடுத்தார். வயது ஆறு, எடை முப்பத்தெட்டு கிலோ, உறவினர் யாருமில்லை.

அப்போது பொம்மையின் முன்னால் பயிற்சிக்காக நின்றவர் அரைமணி டாக்டர். எதற்கும் 'இன்னும் அரைமணி பார்ப்போம்' என்பதால் வந்த பெயர். கெட்டிக்காரர், புத்தகங்களைக் கரைத்துக் குடித்தவர். ஆனால் துணைக்கு ஒருவரைக் கூப்பிடுவதற்குள் அவருக்கு உயிர் போய்விடும். கூப்பிட்டால் தனக்குத் தெரியவில்லை என்று ஆகிவிடுமாம். போன வருடம் அவருடைய இதய வார்டுக்கு ஒரு தையல்காரர் வந்தார். மாரடைப்பில் இதயம் சோர்ந்து, ரத்தம் ஓடாமல் உடம்பு சில்லிட்டுக்கொண்டே போனது. டாக்டர் மருந்தை ஏற்றி ஏற்றி மானிட்டரில் ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தினார். எண் அழகாக நின்றது, தையல்காரர்தான் நிற்கவில்லை. இதயத்துக்குப் பதிலாக ரத்தத்தைத் தள்ளும் பம்ப் வைக்கிற குழுவை அவர் கூப்பிட்டபோது வெள்ளம் தலைக்கு மேல் போயிருந்தது. தையல்காரரின் மனைவியிடம் அதைச் சொல்கிற வேலை வார்டின் தலைமை நர்ஸுக்கு வந்தது. அந்தத் தலைமை நர்ஸ் டாக்டரின் மனைவி. சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தவர் கணவரிடம் ஒன்றே ஒன்று சொன்னார்.

"இனிமே நீங்க இருக்கிற ஷிப்ட்ல நான் நிக்க மாட்டேன்."

அன்றிலிருந்து இருவரும் ஒரே வீட்டில் இரண்டு ஷிப்டாக வாழ்ந்தார்கள். அவர் உள்ளே வந்தால் இவர் செருப்பு மாட்டுவார். சாப்பாடு மட்டும் மேஜையில் மூடியிருக்கும். டாக்டருக்கு அது வலித்தது. வலிக்காத மாதிரி அவர் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பார்.

ஆஸ்பத்திரி அவரைப் பயிற்சிக்கு அனுப்பியது. இரண்டு தடவை தேறவில்லை. மூன்றாவதும் போனால் அவருக்கு இதய வார்டு கிடையாது. பயிற்சி நடத்தும் அம்மாள் நடத்தியது ஒரே பாடம்தான்: எண்ணை நம்பாதே, கால் விரலைத் தொட்டுப் பார், சில்லென்று இருந்தால் முதலில் மணியை அடி, மீதியை எல்லாரும் சேர்ந்து யோசிக்கலாம். பொம்மைக்கு மாரடைப்பு வந்த நேரம் பார்த்து அந்த அம்மாள் மேல்மாடியில் ஒரு மனிதருக்குப் பம்ப் வைத்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் பழக்கதோஷத்தில் பொம்மைக்கு மருந்தை ஏற்றினார். அழுத்தம் நூற்று நான்குக்கு வந்தது. டெக்னீஷியன் நிம்மதியாக மூச்சுவிட்டார். டாக்டர் பொம்மையின் கால் விரலைத் தொட்டார். பனிக்கட்டி. ரப்பர் என்றால் அப்படித்தானே சார் இருக்கும் என்றார் டெக்னீஷியன். தையல்காரரின் கால் விரலையும் டாக்டர் தொட்டிருந்தார். அது எவ்வளவு சில்லென்று இருந்தது என்பது அன்றே அவருக்குத் தெரியும். ஒரு வருடமாக அவர் யாரிடமும் சொல்லாதது அது ஒன்றுதான்.

பதினான்காவது நிமிடம் அவர் மணியை அடித்தார். ஏழு பேர் ஓடி வந்தார்கள். அந்த வாரம் பம்ப் குழுவில் முறை இருந்ததால் அவர் மனைவியும் வந்தார்.

"என்னால தனியா முடியல," என்றார் டாக்டர். "எல்லாரும் வாங்க."

பம்ப் வைக்க உறவினர் கையெழுத்து வேண்டும் என்று குமாஸ்தா படிவத்தோடு வந்து நின்றார். பெரிய அதிகாரி வரும்வரை காத்திருக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். காத்திருக்க இதைவிட நல்ல காரணம் அரைமணி டாக்டருக்கு இனி கிடைக்காது. "முடியாது, இப்பவே வைக்கணும்," என்று சொல்லிவிட்டு டாக்டர் கையுறை மாட்டினார். தலைமை நர்ஸ் அவரை ஒரு நொடி பார்த்தார். பிறகு படிவத்தை வாங்கி, உறவு என்ற இடத்தில் 'அம்மா' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவருக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம், பொம்மைக்கு வயது ஆறு என்பதால் குமாஸ்தாவுக்குக் கணக்கு உதைக்கவில்லை.

தொடை இடுக்கில் ரத்தக் குழாய் வழியாகப் பம்ப் உள்ளே போனது. அந்தக் கால் மரத்துவிடாமல் மணிக்கொருதரம் நாடி பார்த்தார்கள். ஐந்தாம் நாள் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்தார்கள். ஆறாம் நாள் பொம்மையின் இதயம் சொந்தமாக அடித்தது. பயிற்சி அம்மாள் டாக்டரின் தாளில் 'நோயாளி பிழைத்தார், தேர்ச்சி' என்று எழுதினார். உயிருள்ளதை வைத்துப் பாடம் நடத்துவது தர்மமில்லை என்று வேறு பொம்மை வாங்கினார்கள். கையெழுத்துப் போட்டவரிடமே நோயாளியை ஒப்படைக்க வேண்டும் என்பது விதி.

மூவரும் பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்கள். கண்டக்டர் இரண்டு முழு டிக்கெட்டும் ஓர் அரை டிக்கெட்டும் கிழித்தார். பொம்மை டாக்டரின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டது.

"நாளைக்கு உங்களுக்கு எத்தனை மணிக்கு?" என்று மனைவி கேட்டார்.

"ஏழு."

"சரி, சேந்தே போலாம்."

அடுத்த நிறுத்தத்தில் ஏறியவர் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொன்னார். டாக்டர் பொம்மையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.